கொசுறு வேகம்

1999 மே 9, ஞாயிறு

ஜனவரியில் ஒரு மானிட்டர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. நாலு மாதமாக மேசை ஆடாமல் இருக்கக் காலுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று அதை உருவி எடுக்கவைத்தவன் என் தம்பி ஆறுமுகநயினார். மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று செஸ் ஆடப்போகின்றன. எது ஜெயிக்கிறது என்று குறித்து வைக்க ஆள் வேண்டுமாம்.

"நீ எழுதுண்ணே. எனக்கு எழுத்து இப்பம் கோணலா வருது."

பதினாறு வருஷம் பாங்கில் உட்கார்ந்து எழுதிய கை. அலுத்துப்போயிருக்கும். மற்றபடி நரம்புத் தளர்ச்சிதான், டானிக் குடிக்கிறான். ஆறு மாதம் லீவு போட்டிருக்கிறான், அதற்குள் சரியாகிவிடும்.

ஆட்டத்தைக் குறித்தது போகப் பக்கத்தில் நிறைய இடம் மிஞ்சுகிறது. காலி இடத்தைச் சும்மா விட்டு எனக்குப் பழக்கமில்லை. எழுதுகிறேன்.

எனக்கு செஸ் தெரியாது. பதினாலு வயதில் சாத்தான்குளத்திலிருந்து ரயிலேறி வந்து, ரிச்சி தெருவில் பழைய ரேடியோவைப் பிரித்து உதிரி விற்றவன். அப்புறம் டேப் ரெக்கார்டர், அப்புறம் டிவி, இப்போது கம்ப்யூட்டர். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டி விற்கிறேன். உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்டால் விழிப்பேன். எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்டால் பெட்டியைத் திறக்காமலே சொல்லுவேன்.

நயினார் எனக்கு நேர் எதிர். கல்யாணம் வேண்டாம் என்று எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எட்டு வருஷமாக ஒரே ஒரு புரோகிராம் எழுதினான். அது செஸ் ஆடும். பெயர் உடும்பு. பிடித்தால் விடாதாம்.

மே 16, ஞாயிறு

இருபது ஆட்டமும் முடிந்தது. அவனுடைய பழைய கம்ப்யூட்டர் ஒன்று, நான் கடையிலிருந்து கொண்டுவந்த புதுசு ஒன்று. இரண்டிலும் அதே உடும்பு. ஒரு எழுத்துக்கூட வித்தியாசம் கிடையாது. புதுசுக்கு வேகம் மட்டும் இரண்டு மடங்கு. புதுசு ஒன்பது ஜெயித்தது, பழசு மூன்று, மிச்சம் எட்டு சமம்.

எனக்கு ஆச்சரியம். ஒரே மூளைதானே, எப்படித் தோற்கிறது என்று கேட்டேன். நயினார் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். அண்ணனும் தம்பியும் ஒரே சந்தைக்குப் போகிறோம். ஒரே புத்தி. ஆனால் எனக்கு ஒரு மணி நேரம், அவனுக்கு அரை மணி. நான் இன்னும் நாலு கடை கூட விசாரித்துவிடுவேன், அவன் பார்க்காத ஒரு ஓட்டைச் சரக்கை நான் பார்த்துவிடுவேன். தினம் நடக்காது. ஆனால் இருபது தடவை போனால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

"அப்பம் வேகம் இருந்தாப் போதும், புத்தி எதுக்குல?" என்றேன்.

"அதத்தாண்ணே தெரிஞ்சுக்கிடணும்" என்றான்.

மே 23, ஞாயிறு

வேதமூர்த்தி என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியார். அவரும் அவருடைய மாணவர்களுமாகச் சேர்ந்து எழுதிய செஸ் புரோகிராமுக்குக் கருடன் என்று பெயர். ஆகஸ்டில் அவர் கனடா போகிறார், அங்கேயே வேலை. அதற்குள் உடும்போடு ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்கிறார். ஆறு ஆட்டம், மூன்று ஞாயிற்றுக்கிழமை.

கல்லூரியில் பெரிய மெஷின் இருக்கிறது, கருடனை அதில் ஓட்டுகிறேன், நீங்களும் உங்களால் முடிந்த பெரிய மெஷினைக் கொண்டுவாருங்கள் என்றார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ரிச்சி தெருவில் நான் கேட்டால் எது கிடைக்காது?

நயினார் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வேகம் இருந்தால்தான் ஆடுவேன் என்றான். அவர் காரணம் கேட்டார்.

"சார், நான் எட்டு வருஷமா ஒவ்வொண்ணுக்கும் மதிப்புப் போட்டிருக்கேன். ராஜா பக்கம் ஒரு கட்டம் காலியானா எவ்வளவு நட்டம், குதிரை நடுவுல நின்னா எவ்வளவு லாபம். அந்த மதிப்பு சரியான்னு எனக்குத் தெரியணும். ஒங்க மெஷின் பெருசா, எங்க அண்ணன் மெஷின் பெருசான்னு பாக்கதுக்கு நான் எதுக்கு சார்?"

அவ்வளவு நீளமாக அவன் பேசிக் கேட்டு மாதக்கணக்காகிறது. கடைசியில் வார்த்தை கொஞ்சம் குழறியது. களைப்பு.

கருடனுக்கு ஒன்று, உடும்புக்கு ஒன்று, இரண்டு கம்ப்யூட்டரையும் நானே தருவது என்று முடிவானது. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். "ரெண்டும் ஒரே பெட்டியில வந்த சரக்கு சார், மயிரிழை வித்தியாசம் இருக்காது" என்றேன். "அண்ணாச்சி சொன்னா அப்பீலே இல்லை" என்று கை கொடுத்தார்.

ஜூன் 2, புதன்

நயினாருக்குப் பொத்தான் இல்லாத சட்டையாக வாங்கிவரச் சொன்னாள் என் மனைவி கனகமணி. வெயிலுக்கு அதுதான் நல்லது. ஆறு வாங்கினேன்.

ஜூன் 17, வியாழன்

காலையில் கடைக்குப் போகுமுன் மாடிக்குக் கூப்பிட்டான். புரோகிராமில் ஒரு எண்ணை மாற்ற வேண்டும். ராஜாவைச் சுற்றி இருக்கும் சிப்பாய்கள் கலைந்தால் எவ்வளவு குறைப்பது என்பதற்கான மதிப்பு. 14 என்று இருந்ததை 17 ஆக்கச் சொன்னான். நான் அடித்தேன். அதைச் சேமித்து வைக்கவும் நானே அடித்தேன். இரண்டு தட்டு, இரண்டே விசை. அதற்கு நான் எதற்கு என்று கேட்கவில்லை.

நயினாருக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, லுங்கியைத் தைத்துப் பாவாடை மாதிரி போடலாமா என்று கனகமணி கேட்டாள். செய் என்றேன். டானிக்கை மாற்ற வேண்டும்.

ஜூலை 4, ஞாயிறு

எழும்பூரில் ஒரு செஸ் கிளப்பின் மாடி ஹால். நடுவராக ரயில்வேயில் ஓய்வுபெற்ற கோதண்டபாணி. இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் மரப்பலகை. பார்க்க முப்பது பேர். நயினாரை ஆட்டோவில் கொண்டுபோய் இரண்டு பேர் மாடிக்குத் தூக்கினோம். முன்வரிசையில் உட்கார்ந்தான்.

உடும்புக்குக் கை நான். அதன் திரையில் என்ன வருகிறதோ அதைப் பலகையில் நகர்த்த வேண்டும். கருடன் நகர்த்தியதை உள்ளே அடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆட்டம் நடக்கும்போது புரோகிராமைத் தொடக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம், நாலு நிமிடம் அது யோசிக்கும். நான் திரையைப் பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

என் வாழ்நாளில் கைகட்டி உட்கார்ந்து நட்டப்பட்டதில்லை. சரக்கு போகவில்லை என்றால் இடத்தை மாற்றுவேன், ஆளை மாற்றுவேன், பேச்சை மாற்றுவேன். இங்கே எதை மாற்ற?

காலை ஆட்டம் சமம். மத்தியானம் தோற்றோம். முப்பத்தி நாலாவது நகர்த்தலில் பலகையைப் பார்த்து எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். உடும்புக்கு மட்டும் தெரியவில்லை, அது பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போது நயினார் தெளிவாக இருந்தான். "நல்ல ஆட்டம்ணே. ராஜா பக்கம் நான் போட்ட மதிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வேலை செய்யும். பொறு."

ஜூலை 8, வியாழன்

நயினாரைப் பெரிய நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். கையில் காலில் ஊசி குத்திக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பேசினார். கேட்டுக்கொண்டேன்.

வரும் வழியில் கடையில் இறங்கி ஒரு பெரிய ஃபேன் எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்குள் மாட்டுவது.

ஜூலை 10, சனி

நான் மறைத்து எழுதுகிற ஆள் இல்லை. செய்ததை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போர்டில் ஊசி மாதிரி இரண்டு வரிசைக் கம்பிகள் நிற்கும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தொப்பி, அரிசி அளவு. ஜம்பர் என்பார்கள். அதைக் கழற்றி ஒரு கம்பி தள்ளி மாட்டினால் 300 என்பது 450 ஆகிவிடும். எல்லாச் சில்லும் தாங்காது. எந்த மாதத்துச் சரக்கு தாங்கும் என்று தெருவில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும், அதில் நான் ஒருவன். சூடு கூடும், அதற்குத்தான் பெரிய ஃபேன். வேண்டிய ஆளுக்கு இதைச் செய்து கொடுப்பேன், சொல்லக்கூட மாட்டேன். எடை போட்ட பிறகு கைப்பிடி கொத்தமல்லி வைப்பது மாதிரி. கொசுறு.

உடும்பின் கம்ப்யூட்டரில் தொப்பியைத் தள்ளி மாட்டினேன். கருடனுடையதைத் தொடவில்லை. 300 என்று சொன்னேன், அவர்களுக்கு 300 குறையாமல் இருக்கிறது. குறைத்து நிறுத்தால் திருட்டு. என் தம்பிக்குக் கொஞ்சம் கூடப் போட்டேன், இதில் யாருக்கு என்ன நட்டம்?

ஜூலை 11, ஞாயிறு

நடுவர் வருமுன் போய் இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டுவைத்தேன். துவக்கத்தில் திரையில் வேகம் காட்டும். அதை யாரும் பார்க்கவில்லை.

காலை சமம். மத்தியானம் ஜெயித்தோம். இப்போது இரண்டுக்கு இரண்டு.

ஜூலை 18, ஞாயிறு

மூன்றரைக்கு இரண்டரை. உடும்பு ஜெயித்தது.

காலை ஆட்டம் சமம். கடைசி ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். இருபத்தெட்டாவது நகர்த்தல். உடும்பு நாலு நிமிடம் பத்து விநாடி யோசித்தது. திரையில் வந்ததைப் பார்த்ததும் நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று பயந்தேன். யானையைக் கொண்டுபோய் ஒரு சிப்பாயின் வாயில் வைக்கச் சொல்கிறது. சிப்பாய் வெட்டிவிடும், சும்மா போகும். செஸ் தெரியாத எனக்கே தெரிகிறது. கை கூசியது. ஆனால் நான் கைதானே, வைத்தேன்.

ஹாலில் ஒரு சத்தம் எழுந்தது. கோதண்டபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். வேதமூர்த்தி பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு நயினாரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். கருடன் அந்த யானையை வெட்டியது. பதினோரு நகர்த்தல் கழித்து அதன் ராஜா வெட்டவெளியில் நின்றது.

நயினார் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. துடைக்கக் கை தூக்கவில்லை, நான் போய்த் துடைத்தேன். "பதினேழுண்ணே" என்றான். அந்தப் பதினாலைப் பதினேழு ஆக்கினோமே, அது.

வேதமூர்த்தி என் கையைப் பிடித்து, ஒரே மெஷினில் தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை அண்ணாச்சி என்றார். சரி சார் என்றேன்.

ஜூலை 20, செவ்வாய்

கடை வாசலில் போர்டு வைத்தேன். 'செஸ் போட்டியில் வென்ற கம்ப்யூட்டர் இங்கே கிடைக்கும்.' காலையிலேயே இரண்டு பேர் விசாரித்தார்கள்.

ஜூலை 31, சனி

இந்தப் பத்து நாளும் வீட்டில் கல்யாணக் களை. நயினார் அந்த ஆட்டத்தை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுகிறான், அதாவது என்னை நகர்த்தச் சொல்லிக் காட்டுகிறான். எட்டு வருஷம் வீண்போகவில்லை என்று கனகமணியிடம் சொல்லியிருக்கிறான். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கீழே வந்தாள்.

இன்று சந்தோஷத்தில் நான் அவனுக்குக் கஞ்சி ஊட்டினேன். கரண்டி நிறைய எடுத்தேன். புரையேறி முகம் நீலமாகிவிட்டது. முதுகில் தட்டித் தட்டி நின்றது.

"அரைக் கரண்டிக்கு மேல குடுக்காதியன்னு எத்தன வாட்டி சொல்லுதேன். டாக்டர் ஒங்ககிட்டத்தான சொல்லி அனுப்புனாவ?" என்று கனகமணி திட்டினாள்.

சொன்னார்தான். அவர் எவ்வளவோ சொன்னார்.

ஆகஸ்ட் 14, சனி

வேதமூர்த்தி கனடா புறப்பட்டார். ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்து நயினாரிடம் பேசினார். நான் ரிசீவரை அவன் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் பேசியதில் பாதி அவருக்குப் புரியவில்லை, நான்தான் எடுத்துச் சொன்னேன்.

ஆகஸ்ட் 21, சனி

ஆறு ஆட்டத்தையும் காகிதத்தில் பார்க்க வேண்டும் என்றான். உடும்பு தான் ஆடுவதையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி வைக்குமாம். அதை எப்படித் திறப்பது, எதை அடித்தால் பிரிண்டர் ஓடும் என்று சொல்லிக்கொடுத்தான். நாலு முழத்துக்குக் காகிதம் வந்தது. நகர்த்தல், எடுத்த நேரம், பக்கத்தில் இன்னொரு வரிசை எண்கள். நான் கிழித்து, படுக்கைக்கு எதிரே சுவரில் வரிசையாக ஒட்டிவைத்தேன். படிக்க வசதியாக இருக்கும்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

நயினார் சாப்பிடவில்லை. பசியில்லையாம்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

பேசவும் இல்லை. கனகமணி போனால் கண்ணைத் திறக்கிறான், நான் போனால் மூடிக்கொள்கிறான். வெயில் கடுமை.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

மாடிக்குப் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். என்னல கோபம் என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த மூன்றாவது வரிசை எண்கள், உடும்பு விநாடிக்கு எத்தனை நிலைகளைப் பார்த்தது என்ற கணக்காம். முதல் இரண்டு ஆட்டத்தில் எண்பதாயிரம், எண்பத்தோராயிரம். மூன்றாவது ஆட்டத்தின் முதல் வரியிலிருந்து கடைசி ஆட்டம்வரை லட்சத்து இருபதாயிரம். நானே பிரிண்ட் எடுத்து, நானே ஒட்டி வைத்திருக்கிறேன்.

"ரெண்டாவது ஞாயிறா?" என்றான். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வருகிறது. நான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஆமாம் என்றேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு என்றேன். "ஒனக்குன்னு கொஞ்சம் கூடப் போட்டேன்ல. அவருக்கு ஒண்ணும் குறைக்கலியே."

"எனக்குக் கூடப் போட்டா அவருக்குக் குறைச்சதுதாண்ணே."

நாற்பது வருஷம் தராசு பிடித்த மாதிரி பேசுகிறவன் நான், ஒரு தட்டில் வைத்தால் இன்னொரு தட்டு ஏறும் என்று எனக்கு அவன் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு சொன்னான். "அந்த யானை. அதக் குடுத்தது நான் எழுதுனதா, ஒன் கடைச் சரக்கா? இனி யாருட்டப் போய்க் கேப்பேன்?"

மறுபடி ஆடவைக்கிறேன், இந்தத் தடவை மயிரிழை பிசகாது, அம்மை சத்தியம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான்.

கடை போர்டை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, சனி

வேதமூர்த்திக்கு ஈமெயில் அனுப்பினேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் அடித்தேன். சுயம்புலிங்கம் ஆகிய நான் ஜம்பரை மாற்றினேன், என் தம்பிக்குத் தெரியாது, தயவுசெய்து கருடனை அனுப்பிவையுங்கள் அல்லது மறுபடி ஆட ஏற்பாடு செய்யுங்கள். தெருவில் என் பெயர் போனாலும் பரவாயில்லை என்றும் எழுதினேன். அது உண்மை.

செப்டம்பர் 15, புதன்

பதில் வந்தது. கோபமே இல்லை. விளையாட்டுதானே அண்ணாச்சி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார். மாணவர்கள் வேலை கிடைத்து ஆளுக்கொரு ஊர் போய்விட்டார்களாம். கருடன் இருந்த கம்ப்யூட்டரைக் கல்லூரியில் துடைத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டார்களாம். போட்டிக்கு நான் கொடுத்ததில் இருந்ததை ஆட்டம் முடிந்த அன்றே அவர் அழித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார். தன்னிடம் இருக்கும் பிரதி பழையதாம், ஓடாதாம். தம்பிக்கு அன்பைச் சொல்லுங்கள்.

திட்டியிருந்தால்கூடப் பேசி வழிக்குக் கொண்டுவந்திருப்பேன். அவருக்கு இது வேண்டாம். வேண்டாதவனிடம் என்ன வியாபாரம் செய்வது?

நயினாரிடம் படித்துக் காட்டினேன். இமையை ஒரு தடவை மூடித் திறந்தான். சரி என்று அர்த்தம்.

செப்டம்பர் 22, புதன்

கழுத்துக்குத் தலையணை வைத்துப் பார்த்தோம், துண்டைச் சுருட்டி வைத்தால்தான் தலை நிற்கிறது.

செப்டம்பர் 26, ஞாயிறு

இன்று காலை பத்து மணிக்கு நயினார் எங்களைக் கூப்பிட்டான். கனகமணிக்குத்தான் இப்போது அவன் பேச்சு நன்றாகப் புரிகிறது, அவள் கேட்டு எனக்குச் சொன்னாள்.

ஆறு ஆட்டம் வேண்டாம். ஒரே ஒரு நிலை போதும். கடைசி ஆட்டம், இருபத்தெட்டாவது நகர்த்தல். ஜம்பரைப் பழையபடி வைத்து, அதே நிலையை உடும்புக்குக் கொடுக்க வேண்டும். போட்டியில் அது எடுத்துக்கொண்டது நாலு நிமிடம் பத்து விநாடி. அதே நாலு பத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது திரையில் யானை இருந்தால், அது அவன் எழுதியது. இல்லை என்றால் இல்லை.

பெட்டியை அவன் கண் எதிரே திறந்தேன். தொப்பியைக் கழற்றி அவனுக்குக் காட்டிவிட்டு 300 கம்பியில் மாட்டினேன். கம்ப்யூட்டரைப் போட்டு, துவக்கத்தில் திரையில் 300 என்று வந்ததையும் காட்டினேன். இருபத்தேழு நகர்த்தலையும் ஒவ்வொன்றாகச் சுவர்க் காகிதத்தைப் பார்த்து அடித்தேன். கனகமணி சரிபார்த்தாள். பிறகு அவன் இமை மூடித் திறந்தான். விசையைத் தட்டினேன். என் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

யோசிக்கும்போதே அந்த நேரத்துக்கு எது நல்லதாகப் படுகிறதோ அதை உடும்பு திரையில் காட்டும். முதலில் ராணியைப் பின்னால் இழுக்கச் சொன்னது. ஒரு நிமிடம் தாண்டியதும் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளச் சொன்னது. அதிலேயே நின்றது. இரண்டு நிமிடம். மூன்று. ஃபேன் சத்தம் மட்டும். கனகமணி சாமி கும்பிடுகிறாள் என்பது உதட்டில் தெரிந்தது. எதைக் கும்பிட? எல்லாம் உள்ளே எப்போதோ எழுதியாகிவிட்டது.

நாலு நிமிடம். சிப்பாய்தான். நாலு ஐந்து. நாலு பத்து.

விசைமேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்த வேண்டும் என்று தெரியும். நயினார் என்னையே பார்க்கிறான் என்றும் தெரியும். விரல் இறங்கவில்லை. நாலு இருபது. நாலரை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று யாரையோ கெஞ்சுகிற மாதிரி இருந்தேன். கனகமணி, என்னங்க, நேரமாச்சு என்றாள். ஐந்து நிமிடம். சிப்பாய். ஐந்தரை. சிப்பாய்.

ஐந்து நிமிடம் நாற்பத்தெட்டு விநாடியில் அந்த வரி அழிந்தது. யானை வந்தது.

அதே யானை, அதே கட்டம். அப்புறம் மாறவே இல்லை. ஏழு நிமிடம்வரை பார்த்துவிட்டு நிறுத்தினேன்.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. நயினார் முகத்தில் இப்போது சிரிப்புக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டும் ஒரே மாதிரி வருகிறது, அவனாலேயே அடக்க முடிவதில்லை. தோள் குலுங்கியது. வாய் அசைந்தது. நான் காதைக் கொண்டுபோனேன். கனகமணி சொல்ல வேண்டியிருக்கவில்லை, எனக்கே புரிந்தது.

"மறுபடியும்... கொசுறாண்ணே?"

ஆமாம்ல என்றேன்.

அது அடங்கக் கொஞ்ச நேரமானது. பிறகு இன்னொன்று சொன்னான். இதைக் கனகமணி கேட்டுச் சொன்னாள். "அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நேரந்தான் பத்தல."

நான் தலையாட்டினேன். அவள் சொல்லிவிட்டுத் தலையணை உறையை மாற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டைரியை எடுக்கச் சொன்னான். எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 300 வேகத்தில், நாலு நிமிடம் பத்து விநாடியில், உடும்பு யானையைக் கொடுக்கவில்லை. அது ஆடியிருக்கக்கூடியது ஓரத்துச் சிப்பாய். அதற்குமேல் அந்த ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஐந்து நாற்பத்தெட்டையும் எழுதட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தான். இமை மூடித் திறந்தது. எழுதினேன்.

செப்டம்பர் 27, திங்கள்

காலைக் கஞ்சி. போன மாதம் ஒரு வாய் இறங்க ஒரு நிமிடம், இன்று நாலு ஆகிறது. கனகமணிக்கு அடுப்பில் வேலை இருந்தது. நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன், கடை மெதுவாகத் திறந்தால் போதும் என்றேன்.

அவன் விழுங்கும்வரை கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு இருந்தேன். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. வாயைத் துடைத்தேன். இமை மூடித் திறந்த பிறகுதான் அடுத்ததை எடுத்தேன்.

அரைக் கரண்டி. கூடப் போடவில்லை.